கரைவலைக்காரர் இழுத்த ட்ரான்ஸ்போமர்

போன வருடம் பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை பகல். புத்தளத்துக்குப் பக்கத்தில் முந்தலில், கடலோடு சேர்ந்த களப்பின் ஓரமாக இருக்கும் என் அண்ணனின் இறால் பண்ணையில் நடந்தது இது. அன்றைய கதையைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இப்போதும் கை கால் எல்லாம் சேர்ந்து பேசும். வீட்டில் எல்லோரும் பலமுறை கேட்டு அலுத்துவிட்டார்கள். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் வயரிங் வேலை செய்கிறவள். புத்தளத்தில் அதற்கென்று படித்துவிட்டு வந்து, வீடுகள், கடைகள், தண்ணீர் மோட்டார்கள் என்று ஊர் ஊராக ஸ்கூட்டரில் போய் வேலை செய்கிறேன். ஆரம்பத்தில் நான் ஏணியில் ஏறினால் கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்கள், இப்போது ஃபேன் சுற்றவில்லை என்றாலும் எனக்குத்தான் ஃபோனில் கோல் எடுக்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் என்னை வேலைக்குக் கூப்பிட்டதே இல்லை. அவர் என் சொந்த அண்ணன்.

அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எல்லாம் தனக்குத் தெரியும் என்பதில் அவருக்கு ஒரு சுகம். பண்ணையின் வயரிங் முழுவதும் அவரே செய்தது. "வீட்டு வயர் வேற, பண்ணை வயர் வேற" என்று சொல்லி, என்னை மீட்டர் அறைப் பக்கமே விடமாட்டார். நானும் ரோசக்காரி. நீங்களும் உங்கள் வயரும் என்று விட்டுவிட்டேன்.

இறால் வளர்ப்பைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குளத்தில் கரண்டில் சுற்றும் துடுப்புச் சக்கரங்கள் இருக்கும். அவை தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலக்கும். பகல் வெயிலில் அவை கொஞ்ச நேரம் நின்றாலும் சமாளிக்கலாம். பொழுது பட்டுவிட்டால் குளத்துக்கு அந்தச் சக்கரங்கள்தான் மூச்சு. இரவில் அவை நின்றால், விடியும்போது குளம் நிறைய செத்த இறால் மிதக்கும்.

அண்ணனுக்கு முந்தின போகம் வெள்ளைப்புள்ளி நோயில் மொத்தமாகப் போயிருந்தது. இந்தப் போகம் எல்லாம் நன்றாக வந்து, அடுத்த கிழமை இறால் பிடிக்க ஆட்களும் பேசியாயிற்று. இதுவும் போனால் பண்ணையை மூடிவிட்டு வேறு வேலை தேடுவதைத் தவிர வழியில்லை என்று மச்சாள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். மச்சாள் என்றால் அண்ணனின் மனைவி. அதிகம் கதைக்க மாட்டாள். கதைத்தால் அதில் விஷயம் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் அவளிடமிருந்து கோல் வந்தது.

"சக்கரம் எல்லாம் நிண்டுட்டு. மீட்டர் அறைக்குள்ள புகை. நீ கெதியா வா. அண்ணன் கூப்பிடச் சொல்லயில்ல, நான்தான் கூப்பிடுறன்."

சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

தெருவோரத்து மீட்டர் அறைக்கு வருவதற்கு முன்பே அந்த மணம் வந்துவிட்டது. செம்புச் சுருள் வெந்த மணம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது மறக்காது. உள்ளே அண்ணன் வியர்த்து வழிந்துகொண்டு, கருகிப்போன ட்ரான்ஸ்போமரின் முன்னால் நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போ என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த ட்ரான்ஸ்போமர் எதற்கு என்று கேட்பீர்கள். அண்ணனின் சக்கரங்கள் மூடிவிட்ட ஒரு பண்ணையிலிருந்து வாங்கியவை. வெளிநாட்டுச் சாமான். நம்முடைய நானூறு வோல்ட் அவற்றுக்கு ஒத்துவராது, இருநூற்றிருபது வேண்டும். அதனால் மெயின் கரண்டை வாங்கி, வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு ட்ரான்ஸ்போமர். அது மீட்டர் அறையில் இருந்தது. அங்கிருந்து குளக்கரையில் இருக்கும் பம்ப் கொட்டில்வரை, கூப்பிடு தூரத்துக்கு, குழாய்க்குள் வயர் இழுத்திருந்தார். சக்கரங்களின் சுவிட்ச் பெட்டி அந்தக் கொட்டிலில்தான் இருக்கிறது.

மெயினை நிறுத்திவிட்டுக் குழாயின் வாயைத் திறந்து பார்த்தேன். வயர்களின் மேலுறை உருகி, மூன்றும் தொதல் பாகு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ட்ரான்ஸ்போமருக்குள் வரும் வயரைப் பார்த்தேன். வெளியே போகும் வயரைப் பார்த்தேன். இரண்டும் ஒரே பருமன்.

"அண்ணா, உள்ள வாறதுக்கும் வெளிய போறதுக்கும் ஒரே வயரா போட்டீங்க?"

"ஒரே உருளை. நல்ல செம்பு. ட்ரான்ஸ்போமர் ஒண்டுதானே, பிறகு என்னத்துக்கு ரெண்டு சாதி வயர்?"

"பிரேக்கர் நூற்றிருபத்தஞ்சு அம்பியர் கிடக்கு. இது இங்க வரக்கூடாதே."

"முந்தி எண்பதுதான் கிடந்தது. சுவிட்சைப் போடேக்க எல்லாம் விழுந்து விழுந்து உயிரை வாங்கிச்சு. கழட்டி எறிஞ்சிட்டு இதைப் போட்டன். அதுக்குப் பிறகு ஒரு நாளும் விழயில்ல."

"ஓம், விழாது. பண்ணை எரிஞ்சாலும் விழாது" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனிதர் ஏற்கனவே நொந்துபோய் நிற்கிறார்.

ஆனால் எனக்கு விஷயம் கண்ணுக்கு முன்னால் தெளிவாகத் தெரிந்துவிட்டது. வோல்ட்டைக் குறைத்தால் அதே வேலைக்குக் கரண்ட் கூட ஓட வேண்டும். பெரிய கூடையில் சுமந்த மீனைச் சின்னக் கூடைக்கு மாற்றினால் சுமக்கிற ஆட்கள் கூட வேண்டுமல்லவா, அதே கணக்கு. ஆட்கள் கூடினால் பாதையும் அகலமாக வேண்டும். அண்ணனின் சக்கரங்கள் எல்லாம் ஓடும்போது ட்ரான்ஸ்போமருக்குள் போவது அறுபது அம்பியர், வெளியே வருவது நூற்றுப்பத்துக்குக் கிட்ட. அறுபதுக்குப் போட்ட வயரில் நூற்றுப்பத்தை ஓட்டியிருந்தார். முந்தின போகத்தில் சக்கரங்கள் குறைவு, வயர் எப்படியோ தாங்கியது. இந்த முறை இன்னும் சில சக்கரங்களைச் சேர்த்தார். வெயிலில் கிடந்த குழாய்க்குள் வயர் நாள் முழுக்க வெந்துகொண்டிருந்தது.

கரண்ட் மிஞ்சினால் தானே விழுந்து நிறுத்த வேண்டிய பிரேக்கர் ஏன் விழவில்லை என்றால், அது ட்ரான்ஸ்போமருக்கு முன்னால் இருந்தது. அது கண்ட கரண்ட் வெறும் அறுபது. பின்னால் நடப்பது அதற்குத் தெரியாது. பின்பக்கத்துக்கென்று தனியாக ஒரு பிரேக்கர் இருந்திருக்க வேண்டும், அது இல்லவே இல்லை. கடைசியில் வயர்கள் உருகி ஒட்டிக்கொண்டபோதும் அந்த நூற்றிருபத்தைந்து அசையவில்லை. பதிலுக்கு ட்ரான்ஸ்போமர் வெந்தது.

இதையெல்லாம் நான் அண்ணனுக்குக் கூடைக் கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மச்சாள் ஊர் முழுக்கக் கோல் எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வோல்ட்டுக்கு ட்ரான்ஸ்போமர் கடையில் வாங்கும் சாமான் இல்லை. தெரிந்த பண்ணைகள், தீனிக் கடை, ஐஸ் கொம்பனி என்று எல்லோரிடமும் கேட்டாள். ஒன்றும் சரிவரவில்லை. பண்ணையில் வேலை செய்யும் இரண்டு பையன்கள் குளத்தில் ஒரு டீசல் பம்பை வைத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை குளத்துக்கும் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

வெயில் சாயத் தொடங்கிய நேரம், பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டர் ஒன்று தெருவிலிருந்து திரும்பி உள்ளே வந்தது. ஓட்டி வந்தவர் தொப்பி போட்ட, நரைத்த தாடிக்காரர் ஒருவர். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. பெட்டியில் சாக்குப் போட்டு மூடி, கயிற்றால் கட்டிய ஒரு ட்ரான்ஸ்போமர்.

"தீனிக் கடையில கேள்விப்பட்டன்" என்றார் அவர், இறங்காமலே. "எங்கட பண்ணை மூடிக் கெடக்கு. இது சும்மா தூசி புடிச்சி ஈக்கி. உங்கட அளவுதான். வெச்சி ஓட்டுங்க, இறால் புடிச்ச பொறகு பாத்துக்குவம்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். முன்பின் தெரியாத மனிதர், யாரும் கேட்காமலே, ஒரு ட்ரான்ஸ்போமரைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதென்றால் சும்மாவா. சாக்கின் ஓரத்தைத் தூக்கி, மேலே எழுதிய அளவைப் பார்த்தேன். அச்சொட்டாக எரிந்ததன் அளவே. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

அந்தத் துள்ளல் கொஞ்ச நேரம்தான். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இறக்குங்க. பழசை இழுத்துப்போட்டு அதே இடத்தில வைப்பம். அதே வயரில கொழுவு, கெதியா."

"அதே வயரில கொழுவ மாட்டன்."

"இண்டைக்கு ஒரு இரவுக்கு மட்டும். விடியட்டும், பிறகு உன்ர படிப்பைக் காட்டு."

"விடியாது அண்ணா. அந்த வயர் ஏற்கனவே வெந்து கிடக்கு. இதையும் கொண்டுபோய்க் கொழுவினா இரவைக்குள்ள இதுவும் எரியும். பிறகு எங்கட இறாலும் இல்ல, இவரிட சாமானும் இல்ல."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? பொழுது பட்டா இறால் செத்திடும். உனக்கு அது விளங்குதா?"

விளங்காமல் என்ன.  இரட்டிப்புப் பருமனில் அவ்வளவு நீளத்துக்கு வயர் வேண்டும். முந்தல் கடைகளில் அது இருக்காது. சிலாபத்துக்கோ புத்தளத்துக்கோ சொல்லி எடுப்பதென்றால் திங்கட்கிழமைதான். நான் வாயால் மாட்டேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, கையில் மாற்று வழி ஒன்றும் இல்லை. அண்ணன் சொல்வதையே கேட்டிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

வந்தவர் வண்டியை விட்டு இறங்கி எனக்குப் பக்கத்தில் வந்தார். "எங்கட சாமான் எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது மகள், அத யோசிக்க வாணாம். ஆனா அது எரிஞ்சா உங்கட இறாலும் போவும். நீங்க படிச்சத வெச்சி எது சரியோ அதச் செய்யுங்க. நான் இங்கதான் ஈக்கிறன்."

அந்த வார்த்தை என்னை நிமிர வைத்தது. சரி, முதலில் சாமானை ஒழுங்காகப் பார்ப்போம் என்று சாக்கை முழுதாக விலக்கினேன். வெளியே போகும் பக்கத்தில், அவருடைய பண்ணையில் பூட்டியிருந்த வயர்த் துண்டுகளைக் கழற்றாமலே கொண்டு வந்திருந்தார். பெருவிரல் பருமன். நூற்றைம்பது அம்பியரையும் கூசாமல் தாங்கும். ஆனால் நீளம் ஒரு ஆள் உயரம் இருந்தால் அதிகம். இந்தத் துண்டு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா என்று எரிச்சலோடு அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பொறி தட்டியது.

வயர் நீளமாக வர வேண்டும் என்று யார் சொன்னது? ட்ரான்ஸ்போமர் ஏன் மீட்டர் அறையில் இருக்க வேண்டும்? மீட்டர் இங்கே இருக்கிறது என்பதற்காக அண்ணன் அதையும் இங்கே வைத்தார், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய்க் குளக்கரையில், சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன? அந்தக் குட்டைத் துண்டுகள் பெட்டிக்கு எட்டும். வெந்த துண்டை வெட்டிவிட்டால், கூப்பிடு தூரத்துக்கு ஓடும் பழைய வயரில் இனி ஓடப்போவது நானூறு வோல்ட், அறுபது அம்பியர். அந்த வயருக்கு அது விளையாட்டு.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அண்ணன் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார். மூச்சு விடாமல் விளக்கினேன். அவர் பழைய வயரைப் பார்த்தார், குளப் பக்கம் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"வரம்பில லேண்ட்மாஸ்டர் போகாது" என்றார். "பக்கம் இடிஞ்சு உள்ள விழும். இதைத் தூக்க எத்தினை பேர் வேணும் தெரியுமா?"

அது உண்மை. குளங்களுக்கு நடுவே போகும் வரம்பு இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலம். களப்புத் தண்ணீர் ஊறி மெத்தென்று இருக்கும். 

மச்சாள் வந்து என் இடுப்பில் சொருகியிருந்த ஸ்கூட்டர் சாவியை உருவினாள். "கரைவலைக்காரர் இந்நேரம் வலை ஏத்தி முடிச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

அவள் போன நேரத்தில் நான் பேய் மாதிரி வேலை செய்தேன். குழாயில் வெந்துபோன பகுதி மீட்டர் அறைக்குப் பக்கத்தில், வெயில் நேரே விழும் இடத்தில்தான். அதை வெட்டி எறிந்துவிட்டு மீதி வயரைச் சோதித்தேன். என் சோதனை மீட்டரின் முள் நல்ல பக்கமாக அசையாமல் நின்றது. மீதி நீளத்துக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டியதால் குறைந்த தூரத்துக்கு, முன்பு ட்ரான்ஸ்போமருக்குள் வந்த துண்டை எடுத்து இணைத்தேன். ஒரே உருளை என்பதால் கச்சிதமாகப் பொருந்தியது. "பாத்தியா" என்றார் அண்ணன். அன்று பகலிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அது.

"எண்பது பிரேக்கரை எங்க எறிஞ்சீங்க?"

"எறியயில்ல. தீனி வாளி மூடிக்கு மேல பாரமா வச்சிருக்கிறன்."

தூசி தட்டி, சோதித்து, அதை மீட்டர் அறையில் பழைய இடத்திலேயே பூட்டினேன். முன்பக்கத்துக்கு அதுதான் அளவு. கழற்றிய நூற்றிருபத்தைந்தைப் பையில் போட்டேன். ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் வைக்க அதைவிடப் பொருத்தமான சாமான் வேறில்லை. பெருவிரல் வயருக்கும் அது காவல், ட்ரான்ஸ்போமருக்கும் காவல். அன்றைக்கு என்னை அறியாமலே நான் தனியாகச் சிரித்துச் சிரித்து வேலை செய்தேன் என்று அண்ணன் இன்றும் கேலி செய்வார்.

மச்சாள் திரும்பி வந்தபோது பின்னால் ஒரு படையே வந்தது. உப்புக் காய்ந்த உடம்போடு, தோளில் வடத்தைப் போட்டுக்கொண்டு, தென்னங்குற்றிகளை உருட்டிக்கொண்டு, கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்காரர்கள். அவர்களுடைய சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர், ட்ரான்ஸ்போமரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது கடிக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

"கொழுவாதவரைக்கும் கடிக்காது."

"அப்ப மீனைவிட நல்லது" என்றார்.

உடைந்த வள்ளத்துப் பலகை ஒன்றை அடியில் கொடுத்து, அதற்குக் கீழே குற்றிகளைப் போட்டார்கள். பலகையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு வடம். ஆட்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து, இடுப்பில் சுற்றிய கயிற்றை வடத்தில் கொழுவி, வரம்பின் இரண்டு ஓரத்திலும் பின்னோக்கிக் கால் வைத்தார்கள். கரைவலை இழுப்பதும் இப்படித்தான். இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை திரும்பிவிடும். இங்கே ஒரு பக்கம் முந்தினால் ட்ரான்ஸ்போமர் குளத்துக்குள் போகும். சம்மாட்டி நடுவில் நின்று, வாயைத் திறக்காமல், இரண்டு கைகளாலும் இரண்டு வரிசையையும் நடத்தினார். வலக்கை தாழ்ந்தால் அந்த வரிசை தளரும். இடக்கை உயர்ந்தால் இந்த வரிசை இழுக்கும்.

பாதி வழியில் ஒரு பக்கத்து மண் சரிந்தது. பலகை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. என் வாயிலிருந்து "மாதாவே" என்று வந்தது. சம்மாட்டியின் இரண்டு கையும் ஒரே நேரத்தில் நின்றன. இரண்டு வரிசையும் அப்படியே சிலையாக நின்றது. பிறகு அவர் ஒரு விரலை மட்டும் அசைத்தார். மேட்டுப் பக்கத்து வரிசை ஒரு அடி பின்னால் போனது, பலகை மெல்ல நிமிர்ந்தது. அண்ணனும் வண்டிக்காரரும் பின்னாலிருந்து குற்றிகளை எடுத்து எடுத்து முன்னால் போட்டபடி வந்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் கை தட்ட வேண்டும் போல இருந்தது. கையில் நிலத்தில் அடிக்கிற எர்த் கம்பி இருந்ததால் தட்டவில்லை.

பம்ப் கொட்டிலின் சீமேந்துத் தரையில் ட்ரான்ஸ்போமர் ஏறி உட்கார்ந்தபோது சூரியன் தென்னை மரங்களின் தலைக்கு வந்துவிட்டது. அண்ணன் எர்த் கம்பியை வரம்போர உவர்ச் சேற்றில் அடித்து இறக்கினார். அந்தச் சேற்றைப் போல நல்ல எர்த் எங்கேயும் கிடைக்காது. நான் பெருவிரல் வயர்களை நூற்றிருபத்தைந்து பிரேக்கருக்கும், அங்கிருந்து சுவிட்ச் பெட்டிக்கும் பூட்டினேன். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தரம் முறுக்கிப் பார்த்தேன்.

"இறால் மேல வரத் தொடங்கிட்டு" என்று மச்சாள் குளக்கரையிலிருந்து சொன்னாள்.  எட்டிப் பார்த்தேன். கரையோரமாக, மூக்கை நீட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக இறால். மூச்சுக்குத் தவிக்கின்றன.

வரம்பில் ஓடினேன். மீட்டர் அறைக்கு வந்து, அங்கிருந்து கையைக் காட்டினேன். கொட்டிலடியில் சம்மாட்டி தன் தோள் துண்டை உயர்த்தி, யாரும் கிட்ட இல்லை என்று காட்டினார். எண்பது பிரேக்கரை மேலே தள்ளினேன்.

டக்கென்று விழுந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற அண்ணன் தலையில் கை வைத்தார். "நான் அப்பவே சொன்னன். இந்தச் சனியன் இப்பிடித்தான். அந்த நூற்றிருபத்தஞ்சைக் கொண்டு வந்து போடு."

கையைப் பிரேக்கரிலிருந்து எடுத்தேன். பிறகு யோசித்தேன். ட்ரான்ஸ்போமர் என்பது தூங்கி எழும்பும் நேரத்தில் ஒரு பெரிய மடக்குக் குடிக்கும். வழக்கத்தைவிடப் பல மடங்கு, கண் மூடித் திறக்கும் நேரத்துக்கு மட்டும். பிறகு அடங்கிவிடும். பின்பக்கம் ஒரு சக்கரம்கூடப் போடவில்லை, வயர்களையும் சோதித்தாயிற்று. அப்படியென்றால் பிரேக்கர் அந்த மடக்கைப் பார்த்துத்தான் பயந்து விழுகிறது. முன்பும் அதனால்தான் விழுந்திருக்கிறது.

டோர்ச்சை அடித்து பிரேக்கரின் முகத்தைப் பார்த்தேன். ஒரு மூலையில், பருப்பளவில் ஒரு திருகாணி. சுற்றிவர இலக்கங்கள். திடீரென்று வரும் கரண்டுக்கு எத்தனை மடங்கில் விழ வேண்டும் என்று சொல்லும் திருகாணி அது. சக்கரங்களோடு சேர்ந்து வந்த பிரேக்கர் அது, அந்தப் பழைய பண்ணைக்காரர் எதற்கோ அதை மிகக் குறைந்த இலக்கத்தில் வைத்திருக்கிறார். பிறகு யாரும் அதைத் தொடவே இல்லை.

"அண்ணா, பிரேக்கரில பிழை இல்ல. இங்க பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நான் திருகாணியை மறு கரைக்குத் திருப்பினேன். எண்பது எண்பதாகவே இருக்கும். நின்று எரிக்கும் பாரத்துக்கு அது விழும். அந்த ஒரு மடக்கை மட்டும் பொறுத்துக்கொள்ளும்.

"நீங்க போடுங்க" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு தள்ளினார். பிரேக்கர் நின்றது.  தூரத்தில் கொட்டிலடியில் சம்மாட்டியின் துண்டு மேலே கிளம்பிச் சுழன்றது. ட்ரான்ஸ்போமர் பாடத் தொடங்கிவிட்டது.

அந்த வரம்பில் நான் ஓடிய ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் கிண்ணம் வாங்கியிருப்பேன். கொட்டிலுக்கு வந்து, வோல்ட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் மச்சாளை நிறுத்தி, ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். முதல் சக்கரம் ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சுற்றியது. அடுத்தது. அதற்கடுத்தது. நாலு குளத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் எழும்பியது. மச்சாள் கடைசிச் சுவிட்சைப் போட்டுவிட்டு அங்கேயே நிலத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கரைவலைக்காரர்கள் வடத்தைச் சுருட்டிக்கொண்டே, பெரிய மீன் பட்ட நாள் மாதிரிச் சத்தம் போட்டார்கள். நானும் சேர்ந்து கத்தினேன். எனக்கு வெட்கமே வரவில்லை.

எல்லாச் சக்கரமும் ஓடும்போது மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரல் வயரில் நூற்றெட்டு. நீள வயரில் அறுபதுகூட இல்லை. நீள வயரில் உள்ளங்கையை வைத்தேன். அண்ணனும் வந்து கையை வைத்தார். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

"குளிர்ந்து கிடக்கு" என்றார்.

அண்ணன் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வண்டிக்காரர் அதற்குள் வாய்க்காலில் கை கால் கழுவி, கொட்டிலின் மறுபக்கத்தில் அந்தி நேரத்து மஃரிப் தொழுகையைத் தொழுதுவிட்டு வந்தார். இருட்டுவதற்குள் போக வேண்டும் என்றார். தேத்தண்ணீர் குடிக்கச் சொல்லி மச்சாள் மறித்தாள். குடித்துக்கொண்டே குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட குளத்திலயும் ஒருக்கா இப்பிடித்தான் சக்கரம் நிண்டுட்டு" என்றார். "அண்டைக்கு எங்களுக்கு ஒரு ஆள் கெடைக்கல்ல." கோப்பையை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். 

அடுத்த கிழமை இறால் பிடித்தோம். முதல் கூடையை அண்ணன் தானே சுமந்துகொண்டு போய் அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். இப்போது இரண்டு வீடும் அவர்களின் பெருநாளுக்கும் எங்களின் நத்தாருக்கும், அதுதான் கிறிஸ்மஸுக்கும், பலகாரம் மாற்றிக்கொள்கிறது. அவர் பண்ணைப் பக்கம் வந்தால் நேரே கொட்டிலுக்குப் போய், அண்ணனைப் போலவே வயரில் கையை வைத்துப் பார்க்கிறார். அண்ணனோ பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கெல்லாம் கூடைக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார், தானே கண்டுபிடித்த மாதிரி. சொல்லட்டும்.

எனக்கு இப்போது பண்ணை வேலைகள் நிறைய வருகின்றன. எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை அம்பியர் பிரேக்கர் போடுவது, என்ன பருமனில் வயர் வாங்குவது என்றுதான். நான் பதில் சொல்வதற்கு முன் அந்த இடத்தை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊரிலேயே நல்ல வயரும் நல்ல பிரேக்கரும் இழுக்க ஆட்களும் எல்லாமே இருந்தன, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கவில்லை. வெளியிலிருந்து வந்தது, யாரென்றே தெரியாத எங்களுக்காக ஒரு மனிதர் வண்டியைத் திருப்பியது மட்டும்தான்.